கன்னியாகுமரி நிழலும் டெல்லி நிழலும்: தொடக்க வகுப்பில் இணையவழிக் கூட்டுப் புவியியல்

இரண்டு ஊர்ப் பள்ளிகளை வீடியோ காலில் இணைத்து, "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று பிள்ளைகளைக் கேட்க வைத்துவிட்டு அதைக் கூட்டுத் திட்டம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்வது பரவலாக நடக்கிறது. அரை மணி நேரம் கலகலப்பாகப் போகும். கையசைப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், கோயில் கோபுரத்தின் படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படம் பாடநூலிலேயே இருக்கிறது. இணையம் எதற்கு என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

புவியியலுக்கென்று கூட்டுத் திட்டம் போடும்போது ஒரே ஒரு சோதனை போதும். எதிர் வகுப்பை நீக்கிவிட்டாலும் நம் வகுப்பின் கேள்விக்கு விடை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது கூட்டுத் திட்டமே அல்ல. ஓரிடத்தில் மட்டும் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாத ஒன்றைக் கேள்வியாக வைக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே முறையில், ஒரே பொருளை வெவ்வேறு ஊர்களில் அளந்தால்தான் அந்த ஊர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு எண்ணாகக் கைக்கு வரும்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1989-ல் நேஷனல் ஜியாகிரபிக் சொசைட்டியும் டெர்க் என்ற கல்வி ஆய்வு நிறுவனமும் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளுக்காகக் கொண்டுவந்த 'கிட்ஸ் நெட்வொர்க்' இப்படித்தான் இயங்கியது. ஒவ்வொரு வகுப்பும் தன் ஊர் மழைநீரின் அமிலத்தன்மையை அளந்து, தொலைபேசி மோடம் வழியாக அனுப்பும். எல்லா ஊர் அளவுகளும் சேர்ந்த வரைபடம் திரும்பி வரும். பறவைகள், பட்டாம்பூச்சிகளின் இடப்பெயர்வைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துப் பதியும் 'ஜர்னி நார்த்' 1994-ல் தொடங்கியது. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு செயலுக்கு வந்த, பல நாட்டு மாணவர்கள் தம் ஊர்ச் சுற்றுச்சூழலை அளந்து பதியும் 'குளோப்' திட்டத்தில் நாசா முதலான அமைப்புகள் பின்னணியில் இருக்கின்றன. இன்று நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. 1995-ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் டேல் ஹூபர்ட் தொடங்கிய 'ஃபிளாட் ஸ்டான்லி' வேறு வகை. ஜெஃப் பிரவுன் 1964-ல் எழுதிய சிறுவர் கதையின் நாயகனைக் காகிதத்தில் வெட்டி ஊர் ஊராக அனுப்புவார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் திரும்பி வருவது பெரும்பாலும் சுற்றுலாப் படங்கள்தான் என்பதால், நான்காம் வகுப்புக்கு மேல் அதை நம்பிப் பயனில்லை.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு நம் நாட்டில் மிகப் பொருத்தமானது நண்பகல் நிழல் திட்டம்: இரு ஊர்களில் ஒரே நாளில் குச்சியின் நண்பகல் நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிப்பது. செலவு கிடையாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் செய்த அதே கணக்குதான். எகிப்தின் தெற்கே உள்ள சையீனில் (இன்றைய அஸ்வான்) சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளில், வடக்கே உள்ள அலெக்சாண்ட்ரியாவில் அது 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. அது ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும்.

எந்த இரு ஊர்களைச் சேர்ப்பது என்பதில்தான் திட்டத்தின் பாதி வெற்றி இருக்கிறது. கன்னியாகுமரியும் டெல்லியும் அருமையான ஜோடி. ஒன்றின் தீர்க்கரேகை 77.55 டிகிரி கிழக்கு, மற்றதன் தீர்க்கரேகை 77.21. ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் தெற்கும் வடக்குமாக இருக்கும் ஊர்கள். மார்ச் 20 அல்லது 21 அன்று, ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் கன்னியாகுமரியில் சுமார் 14 செ.மீ., டெல்லியில் சுமார் 55 செ.மீ. அதே நாளில் சென்னையில் 23, டொரோண்டோவில் 95, லண்டனில் 126. சிங்கப்பூரில் 2.4 செ.மீ. மட்டுமே. குச்சி கொஞ்சம் தடிமனாக இருந்தால் அங்கே நிழலே தெரியாது. சிட்னியில் 67 செ.மீ.; நம் நிழல் வடக்கே விழும்போது அவர்களுடையது தெற்கே விழும்.

ஐந்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் தேவையில்லை. நோட்டில் 10 செ.மீ. உயரத்துக்குச் செங்குத்துக் கோடு போட்டு, அதன் அடியிலிருந்து நிழலைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கிக் கிடைக்கோடு வரைந்து, இரு முனைகளையும் இணைத்து, மேல்முனைக் கோணத்தைக் கோணமானியால் அளந்தால் போதும். கன்னியாகுமரிக்கு 8 டிகிரியும் டெல்லிக்கு 28.5 டிகிரியும் வரும். வேறுபாடு 20.5. முந்நூற்றறுபதை அதால் வகுத்து, நேர்கோட்டுத் தூரமான சுமார் 2,274 கி.மீ.யால் பெருக்கினால் 39,900-த்தை ஒட்டி விடை வரும். துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ.

இங்கே தூரத்தில்தான் முதல் சறுக்கல். பிள்ளைகள் மேப் செயலியில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டு, அது காட்டும் சாலைத் தூரத்தை எழுதிவிடுவார்கள். அது நேர்கோட்டுத் தூரத்தைவிட 500 கி.மீ. அளவுக்குக் கூடுதல், விடை 49,000-த்தைத் தொடும். செயலியில் 'தூரம் அளவிடு' என்பதைத் தேர்ந்து நேர்கோடு இழுக்கச் சொல்ல வேண்டும். ஒரே தீர்க்கரேகையில் இல்லாத ஊர்கள் என்றால் நேர்கோடும் உதவாது. தெற்கு வடக்குத் தூரத்தை மட்டும் எடுக்க வேண்டும். லண்டன் வகுப்போடு சேரும் சென்னை வகுப்பு இதைக் கவனிக்காவிட்டால் கணக்கு கோணலாகிப் போகும்.

பக்கத்து ஊர்களை ஏன் ஜோடி சேர்க்கக் கூடாது என்பதையும் எண்ணால் காட்டலாம். ஒவ்வொரு வகுப்பும் ஒரு டிகிரி தவறாக அளந்து, இரு தவறுகளும் எதிரெதிர்ப் பக்கம் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள வேறுபாடே 5 டிகிரிதான். அது 3 என்றோ 7 என்றோ ஆகிவிடும். சுற்றளவு 66,000 என்றும் வரலாம், 28,000 என்றும் வரலாம். அதே தவறு டெல்லி ஜோடியில் நடந்தால் விடை 36,000-க்கும் 44,000-க்கும் இடையில் நின்றுவிடும். ஒரு டிகிரி என்பது கன்னியாகுமரி நிழலில் 2 செ.மீ. கூட இல்லை என்பதை நினைத்தால், அந்தத் தவறு எவ்வளவு சுலபமாக நேரும் என்பது புரியும்.

தவறுகள் வரும் வழிகள் பெரும்பாலும் நான்கு. குச்சி செங்குத்தாக நிற்காதது முதலாவது. குச்சி இரண்டு டிகிரி சாய்ந்தால் நிழல் மூன்று, நான்கு செ.மீ. மாறிவிடும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சியின் இரு பக்கங்களிலிருந்தும் சரிபார்க்க வேண்டும். அடுத்து, தரை சமமாக இல்லாதது. பள்ளி முற்றம் மழைநீர் வடியச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய நீர் வைத்துப் பார்த்தாலே சரிவு தெரிந்துவிடும். பெஞ்சுப் பலகையைப் போட்டு அடியில் சில்லுகள் சொருகிச் சமப்படுத்தலாம். மூன்றாவது, நிழலின் நுனி. சூரியன் ஒரு புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். ஆகவே ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி ஏறத்தாழ ஒரு செ.மீ. மங்கலாகத்தான் முடியும். கருநிழல் முடியும் இடத்தை ஒரு பிள்ளையும் மங்கல் முடியும் இடத்தை இன்னொரு பிள்ளையும் அளப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அளப்பது என்று எல்லா வகுப்புகளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதுதான் பெரிய தலைவலி: மணி. கடிகாரத்தில் 12 அடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேற்கே போகப் போக, ஒவ்வொரு டிகிரிக்கும் 4 நிமிடம் தாமதம். மார்ச் 20, 21-ல் சூரியன் கடிகாரத்தைவிட ஏழரை நிமிடம் பின்தங்கியும் இருக்கும். இரண்டும் சேர்ந்து மார்ச் 21-ல் சென்னையின் உண்மை நண்பகல் 12.16, கன்னியாகுமரியில் 12.27, டெல்லியில் 12.29, கோவையில் 12.30. சிங்கப்பூரில் அவர்கள் கடிகாரப்படி மதியம் 1.12! இதில் நம்மூர் வகுப்புக்குத்தான் கவனம் அதிகம் தேவை. கன்னியாகுமரியில் 12 மணிக்கே அளந்துவிட்டால் 14 செ.மீ. நிழல் பதினெட்டரையாகத் தெரியும். இரண்டரை டிகிரி அங்கேயே போய்விடும். டெல்லியில் அதே அவசரம் இரண்டு செ.மீ.க்கும் குறைவான பிழையைத்தான் தரும்.

இதற்குக் கடிகாரத்தை நம்பாமல் நிழலையே கேட்கலாம். கணக்கிட்ட நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு தொடங்கி 20 நிமிடம் பின்பு வரை, 4 நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைக்க வேண்டும். பதினொரு புள்ளிகள் வரும். அவற்றில் குச்சிக்கு மிக அருகில் உள்ளதே நண்பகல். அடியிலிருந்து அந்தப் புள்ளி வரை போகும் கோடுதான் உண்மையான தெற்கு வடக்கு. திசைகாட்டி இல்லாமலே வடக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பு. மேகம் இரண்டு புள்ளிகளை விழுங்கினாலும் மற்றவை காப்பாற்றும்.

நாள் விஷயத்தில் ஒரு நுணுக்கம். மார்ச் 20, 21 தேதிகளில் அளந்தால் கோணமே அந்த ஊரின் அட்சரேகையாக வந்துவிடும். அதனால்தான் அந்த நாள். ஆனால் சுற்றளவு கண்டுபிடிக்க எந்த நாளும் ஆகும், இரு வகுப்புகளும் ஒரே நாளில் அளந்தால் சரி. இந்தக் காலத்தில் சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி நகர்வதால், ஒரு வகுப்பு வெள்ளியன்றும் மற்றது திங்களன்றும் அளந்தால் ஒரு டிகிரிக்கு மேல் பிழை விழும். செப்டம்பர் 22, 23-லும் இதைச் செய்யலாம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் மோதும் காலம்.

மர்ம ஊர்

ஜர்னி நார்த் நடத்திய 'மர்ம வகுப்பு' இன்னொரு நல்ல மாதிரி. உலகில் பத்து இடங்களை மறைத்து வைத்து, பதினொரு வாரம் வாரம் ஒரு முறை அந்த இடங்களின் சூரிய உதய, மறைவு நேரங்களை மட்டும் கொடுப்பார்கள். பகல் நீளத்தை வரைபடமாகப் போட்டுப் பிள்ளைகள் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் வகுப்புகள் இதை நவம்பரில் தொடங்கலாம். ஜூன் 21-ல் சென்னையின் பகல் 12 மணி 53 நிமிடம், டிசம்பர் 21-ல் 11 மணி 21 நிமிடம் அளவில். ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. லண்டனில் அது 16 மணி 38 நிமிடத்திலிருந்து எட்டு மணிக்கும் கீழே இறங்கும். வரைபடத்தாளில் நவம்பர் முதல் ஜனவரி வரை லண்டன் கோடு சரிந்து குழியாகி மெல்ல ஏறும். சிட்னி கோடு அதற்கு எதிராக மேலே வளையும். சிங்கப்பூர்க் கோடு அசையாமல் படுத்திருக்கும். வடகோளம், தென்கோளம், நிலநடுக்கோடு என்ற மூன்று சொற்களும் மூன்று கோடுகளாகத் தாளில் இருக்கும். சிட்னி, டொரோண்டோ, லண்டன் போன்ற நகரங்களின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இதற்கு அமைந்த கூட்டாளிகள். மொழிச் சிக்கல் இல்லை, தூரமும் வேண்டிய அளவு இருக்கிறது.

இந்தத் திட்டத்தை மார்ச்சில் தொடங்குவது வீண். அப்போது எல்லா ஊர்க் கோடுகளும் 12 மணிக்கு அருகே ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். ஆனால் அந்த வாரத்துக்கு வேறொரு பயன் உண்டு. உலகெங்கும் பகல் சமமாக இருப்பதால், உதய நேரத்தில் உள்ள வேறுபாடு முழுக்க தீர்க்கரேகையால் வருவது. எல்லா நேரங்களையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி, 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று எண்ணினால் ஊரின் கிழக்கு மேற்கு இடம் பிடிபடும். பகல் சரியாக 12 மணி இல்லாமல் 6, 7 நிமிடம் கூடுதலாக இருப்பதைக் கூர்மையான பிள்ளை யாராவது கேட்கும். சூரியனின் மேல்விளிம்பு தெரிவதையே உதயம் என்கிறோம், காற்றுமண்டலமும் ஒளியை வளைத்துச் சூரியனைச் சற்று முன்னதாகவே காட்டிவிடுகிறது என்பதே பதில்.

'மிஸ்ட்ரி ஸ்கைப்' என்ற பெயரில் பரவிய நேரடி விளையாட்டு, 2025 மே மாதத்தில் ஸ்கைப் மூடப்பட்ட பிறகும் வேறு செயலிகளில் தொடர்கிறது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளால் எதிர் வகுப்பின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை மாவட்ட அளவுக்கு இறக்குவது நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் பாதி பாதியாகப் பிரிக்கும் கேள்விகள் கேட்டால் ஆறு கேள்வியில் ஒன்று மிஞ்சும். "மதுரையா?" என்று கேட்பது ஒரு கேள்வியை வீணடிப்பது, "உங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டா?" என்பது ஒரே அடியில் 14, 24 என்று பிரிக்கும். பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரில் தெரியும் கடைக்காரர் காலண்டரும் சீருடையில் இருக்கும் பள்ளிப் பெயரும் விளையாட்டை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். அவற்றை முதலில் மறைக்க வேண்டும்.

மழைமானியும் பொதுத்தாளும்

அளவீடு நீண்ட நாள் போகும் திட்டங்களில் சிக்கலே வேறு. வால்பாறை வகுப்பும் கோவை வகுப்பும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையை அளந்து ஒப்பிட்டால் மழைமறைவு (மலை மழையைத் தடுப்பதால் அதன் மறுபக்கம் மழை குறைவது) என்பதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். வால்பாறை வட்டாரத்தில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டும், கோவைக்கு அதில் கால் பங்குகூட வராது. மழைமானி வாங்க வேண்டியதில்லை. இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனலாகச் செருகினால் போதும். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருப்பதால் ஸ்கேல் ஒட்டிப் படிப்பது தப்பாகும். நீரை மருந்து அளக்கும் மூடியில் ஊற்றி அளப்பதே நல்லது: வாய் 10 செ.மீ. விட்டம் என்றால் சுமார் 8 மில்லி நீர் ஒரு மி.மீ. மழைக்குச் சமம். சுவர், மரம் எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். மொட்டை மாடி கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் சுழலும் காற்று மழையைத் தட்டிவிடும்.

நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்திய வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கிறது, குளோப் திட்டம் உண்மை நண்பகலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் அளக்கச் சொல்கிறது. பள்ளிக்கு எது தோதோ அதை எடுத்துக்கொள்ளலாம், கலக்கக் கூடாது. சனி, ஞாயிறு மழை திங்களன்று ஒரே நாள் மழையாகப் பதிவாகிவிடும். ஆகவே பொதுத்தாளில் 'எத்தனை நாள் மழை' என்று ஒரு பத்தி தேவை. இன்னும் முக்கியமானது, மழை பெய்யாத நாளுக்கு 0 என்று எழுதுவதும் அளக்க மறந்த நாளை வெறுமையாக விடுவதும் வேறு வேறு என்பது. பிள்ளைகள் இரண்டுக்கும் சுழியம் போடுவார்கள், மாத மொத்தம் கேலிக்கூத்தாகும்.

பொதுத்தாள் என்பது பெரும்பாலும் கூகுள் ஷீட். எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தால் இரண்டாம் வாரத்தில் யாராவது ஒரு பத்தியை அழித்திருப்பார்கள். வகுப்புக்கு ஒரு தனித் தாள், தலைப்புகள் பூட்டப்பட்டவை என்று வைப்பது பாதுகாப்பு. தேதியை 03/04 என்று எழுதினால் அமெரிக்க வகுப்புக்கு அது மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தால் எழுதுவதே வழி. செ.மீ., அங்குலம் தகராறும் அவர்களோடுதான் வரும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போடுவது மாறாமல் நடக்கும் தவறு. 13.08, 80.27 என்பது சென்னை; தலைகீழாகப் போட்டால் பள்ளி வடதுருவத்தை நோக்கிப் போய் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் மிதக்கும். இதைத் திருத்திவிடாமல் ஒரு நாள் வரைபடத்தில் அப்படியே விட்டுவைப்பது நல்லது. எது எந்தத் திசை எண் என்பது அதன் பிறகு பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

ஆயத்தொலைவுகளைப் பொதுவில் போடும்போது இரண்டு தசம இடங்களுக்கு மேல் வேண்டாம். ஏறத்தாழ ஒரு கி.மீ. துல்லியம் இந்தக் கணக்குகளுக்குப் போதும், பள்ளி வாசலை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை. பிள்ளைகளுக்குக் கணக்குகள் தொடங்காமல் ஆசிரியர் கணக்கிலேயே எல்லாவற்றையும் நடத்தி, பெயருக்குப் பதில் குழுப் பெயரும் முகத்துக்குப் பதில் கையும் குச்சியும் தெரியும் படமும் போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நேரடி அழைப்பு கவர்ச்சியானது. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. லண்டனில் குளிர்காலக் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 2.30, கடைசி இரண்டு பாடவேளைகள் கிடைக்கும். டொரோண்டோவுடன் பள்ளி நேரம் ஒட்டவே ஒட்டாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி திறந்திருக்கும் நாளில் நம் பள்ளி பூட்டியிருக்கும். எண்களைத் தாளில் இட்டு, கேள்விகளைக் குரல் பதிவாக அனுப்பினால் வாரத்துக்கு ஒரு முறை தடங்கலின்றி ஓடும். இரண்டு வகுப்புத் திட்டத்துக்கும் நான்கு வகுப்புகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. தேர்வு, ஆசிரியர் இடமாற்றம், இணையம் போய்விட்டது என்று ஏதோ ஒன்றில் ஒரு வகுப்பாவது காணாமல் போகும்.

நிழல் திட்டத்தில் சேர்ந்த வகுப்புகள் மார்ச்சோடு கலைந்துவிடாமல் ஏப்ரலுக்கும் நீட்டிக்கலாம். நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து குச்சிக்கு நிழலே விழாத நிழலில்லா நாள் ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரியில் தொடங்கி, 15, 16-ல் மதுரை, 18-ஐ ஒட்டித் திருச்சி என வடக்கே ஏறி, 24-ல் சென்னைக்கு வரும். ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கும் பெங்களூருக்கும் அதே நாள்தான். அந்த நாள் தாண்டிய ஊர்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். அதன்பின் டெல்லியோடு கணக்குப் போட்டால் கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். டெல்லி வகுப்பு தங்கள் முறைக்காகக் காத்திருந்து கேட்கத் தொடங்கும். சூரியன் 23.4 டிகிரியைத் தாண்டி வடக்கே வராது என்பதால் அவர்களுக்கு அந்த நாள் கிடையாது. ஜூன் 21-ல் ஒன்பது செ.மீ. நிழலோடு நின்றுவிடும். அப்போது பள்ளி கோடை விடுமுறையில் இருக்கும் என்பதால், அதை அளக்க ஒரு பெற்றோரை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.